தினமும் கடந்துபோகிற கொழும்பில் உங்களை வியக்கவைத்த ஒரு விஷயம் சொல்லுங்கள்

வெள்ளவத்தைவாசி
எல்லோருக்கும் வணக்கம். நேற்று அலுமாரி துப்புரவாக்கும்போது அம்மா கட்டி வைத்திருந்த பழைய கல்யாணக் காட்டுகள் அகப்பட்டன. 1998-ல் வந்த ஒன்றில் முகூர்த்தம் "காலை 9.30 (பழைய நேரம் 9.00)" என்று அச்சடித்திருந்தது. பதினொரு வயது மகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "பழைய நேரம் என்றால் என்னம்மா, நேரம் பழசாகுமா?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 1996-ல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மே மாதம் நாட்டின் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். விடியும்போது பாடசாலை தொடங்கினால் மாலையில் விளக்கு எரியும் நேரம் குறையும் என்பது கணக்கு. பிள்ளைகள் இருட்டில் பஸ்சுக்கு நின்றார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே கிடந்தது. கிட்டத்தட்ட பத்து வருடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மணிக்கூடு, சாமி அறையில் ஒரு மணிக்கூடு. அப்பம்மா ராகுகாலத்துக்குச் சாமி அறை மணிக்கூட்டைத்தான் பார்ப்பார்.

மகள் இதை நம்பவே இல்லை. "இதைப்போல வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். எனக்கு உடனே ஒன்றும் வரவில்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். கொழும்பில் தினமும் பார்க்கிற, சொல்கிற, சாப்பிடுகிற ஏதாவது ஒன்றுக்குப் பின்னால் நீங்கள் எதிர்பாராத கதை இருந்தால் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை13
நல்ல இழை, தங்கச்சி. நேரம் மாறியது அது முதல் தடவை அல்ல. இரண்டாம் உலகப் போரில், 1942-ல், ஒரே வருடத்தில் இரண்டு தடவை அரை அரை மணித்தியாலமாகத் தள்ளினார்கள். போர் முடிந்த பிறகு 1945-ல்தான் பழைய நேரம் திரும்பியது. 1996-ல் மாற்றியபோது வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பக்கம் பழைய நேரத்தையே வைத்திருந்தது. நான் அந்த நாட்களில் வவுனியாவுக்கு வேலையாகப் போய்வந்தவன். அந்தப் பக்கமிருந்து வருகிற ஒருவரிடம் நேரம் கேட்டால், "உங்கள் நேரமா, எங்கள் நேரமா?" என்று திருப்பிக் கேட்பார். ஒரே தீவில் இரண்டு மணி.

மணிக்கூடு என்றதும் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம் நினைவுக்கு வருகிறது. சதாம் வீதிச் சந்தியில் நிற்கிறதே, அதுதான். 1857-ல் கட்டி முடித்தது. வரைபடம் போட்டவர் அப்போதைய ஆளுநர் ஹென்றி வோர்டின் மனைவி. பத்து வருடம் கழித்து அதன் தலையில் விளக்கு வைத்துக் கலங்கரை விளக்கமாகவும் ஆக்கினார்கள். கப்பல்காரனுக்கு வெளிச்சம், கரைக்காரனுக்கு மணி, இரண்டும் ஒரே தூணில். சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952-ல் விளக்கைக் கடலோரத்துக்குக் கொண்டுபோனார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் விளக்கு இருந்த கண்ணாடிக்கூண்டு தெரியும்.

அந்த வோர்ட் துரைதான் காலிமுகத்திடலில் கடலோர நடைபாதையும் போட்டவர். 1859-ல் முடித்தபோது கல்லில் ஒரு வரி பொறித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின்னால் வருகிற ஆளுநர்களைக் கேட்டுக்கொள்கிற வரி. இஸ்ஸோ வடை வாங்கப் போகிற எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

சொல்வேட்டை
அக்கா, நீங்கள் எழுதிய முதல் வரியிலேயே ஒன்று இருக்கிறதே. "அலுமாரி" போர்த்துக்கேயச் சொல்.

பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்காகவே ஒதுக்குவேன். வகுப்பைச் சுற்றிப் பாருங்கள், போர்த்துக்கேயர் விட்டுப்போன பொருட்களைச் சொல்லுங்கள் என்பேன். முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் நான் ஆரம்பிப்பேன்: நீ இருக்கிற கதிரை, அவன் இருக்கிற வாங்கு, மேசை, யன்னல், காலில் போட்ட சப்பாத்து, பொக்கற்றில் இருக்கிற லேஞ்சி, காலையில் சாப்பிட்ட பாண். குசினி, துவாய், அன்னாசி, கொய்யா, கூவி விற்கிற ஏலம். பிள்ளைகள் தங்கள் மேசையையே புதிதாகத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் இந்த வேலையை விடாமல் இருப்பதற்கு அந்த ஐந்து நிமிடமும் ஒரு காரணம்.

பிறகு ஒல்லாந்தர். கந்தோர் அவர்களுடையது. மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சி அவர்களுடையது. சந்தையில் கிலோ விலை கேட்கிற போஞ்சி அவர்களுடையது, அவர்கள் மொழியில் அவரைக்கான சொல்லைக் கொஞ்சலாகச் சொன்னால் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒலிக்கும். துட்டு அவர்களின் செப்புக் காசு. கக்கூசும் அவர்கள் சொல்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர் நாம் "கதிரை" என்றால் விழிப்பார், அவருக்கு அது நாற்காலி. ஆனால் அவர் "சாவி" என்கிறாரே, அது போர்த்துக்கேயம். நாம்தான் "திறப்பு" என்று தமிழில் சொல்கிறோம். யார் தமிழ் சுத்தம் என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு இந்த ஒரு சோடியைத்தான் காட்டுவேன்.

இன்னுமொன்று. இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் சிங்களத்திலும் அப்படியே உண்டு. சப்பாத்து, அலுமாரி, லேஞ்சி, துவாய், போஞ்சி, கந்தோர், லாச்சி எல்லாம் கடைசி எழுத்து மட்டும் மாறி அங்கேயும் புழங்குகின்றன. 138 பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற அம்மாவோடு எனக்கு முழுதாகப் பேச வராத நாட்களில்கூட, மரக்கறிப் பையைத் திறந்து காட்டிப் போஞ்சி விலையைப் பேசிவிட முடிந்தது.

புதுக்கடைப்பக்கம்
ஊர்ப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஆசிரியரே. நான் வேலை செய்யும் நீதிமன்றப் பகுதியை நாம் புதுக்கடை என்கிறோம். ஆங்கிலத்தில் அது இன்னும் ஹல்ஸ்டோர்ப், அதாவது ஹல்ஃப்டின் ஊர். ஹல்ஃப்ட் ஓர் ஒல்லாந்தத் தளபதி. 1656-ல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க முற்றுகையிட்டபோது ஏப்ரலில் செத்துப்போனார். அடுத்த மாதம் கோட்டை விழுந்தது. வெற்றியைப் பார்க்காத மனிதரின் பெயர் சட்டத்தரணிகளின் கடிதத்தாளில் முந்நூற்றறுபது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கொம்பனித்தெருவை யோசித்துப் பாருங்கள். தமிழில் அது கொம்பனியை நினைவில் வைத்திருக்கிறது. அண்மைக்காலம் வரை இருந்த ஆங்கிலப் பெயரோ அடிமைத்தீவு. ஒல்லாந்தர் காலத்தில் பகலில் கோட்டையில் வேலை வாங்கிய அடிமைகளை மாலையில் பேரை வாவி தாண்டிக் கொண்டுபோய் அங்கே அடைத்தார்கள். வாவியில் முதலை இருந்ததால் தப்ப முடியாது என்று சொல்வார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர், ஒன்று எசமானைச் சொல்கிறது, மற்றது அடைபட்டவரைச் சொல்கிறது. அதன் வழியாகத்தான் தினமும் ரயிலில் வருகிறேன், இதை எண்ணாமல் ஒருநாளும் கடந்ததில்லை.

கறுவாத்தோட்டம் உண்மையிலேயே கறுவாத் தோட்டம். இன்றைக்கு அங்கே ஒரு பேர்ச் காணியின் விலையைக் கேட்டால் கறுவா நினைவுக்கு வராது.

ஓவல்பக்கம்
சரி, கிரிக்கெட் வராமல் கொழும்பு இழையா? தமிழ் யூனியனின் மைதானம், பி. சரா ஓவல். 1948 மார்ச் மாதம் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிற வழியில் கொழும்பில் இறங்கி அங்கே ஒருநாள் ஆடியது. அந்தப் பயணத்தில் பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி அது. ஆடிக்கொண்டிருக்கும்போதே பந்துவீச்சாளர்களுக்குச் சந்தேகம் வந்தது, பந்து ஏதோ சரியாக விழவில்லை. அளந்து பார்த்தார்கள். 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது! பிரட்மன் எடுத்த ஓட்டமும் 20.

இரண்டு யார் என்பது ஆறு அடி. ஒரு ஆள் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு. துடுப்பாட்டக்காரருக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. 1982-ல் நமது முதல் டெஸ்ட் நடந்ததும் அந்த மைதானத்தில்தான், 1985-ல் இந்தியாவை வென்று முதல் வெற்றி கிடைத்ததும் அங்கேதான்.

கொட்டாஞ்சேனை13
தம்பி, மைதானத்தைச் சொல்லிவிட்டு மனிதரை விட்டுவிட்டீர்களே. பி. சரா என்றால் பாக்கியசோதி சரவணமுத்து. அந்த வீட்டில் எல்லோருமே வியப்புத்தான். அண்ணன் தம்பிகளில் ஒருவரான இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பு மாநகரத்தின் முதல் மேயர், 1937-ல். அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து 1932-ல் கொழும்பு வடக்கில் நின்று வென்று அரசாங்க சபைக்குப் போனார். நாட்டில் தேர்தலில் வென்ற இரண்டாவது பெண் அவர், முதலாவது தமிழ்ப் பெண். இந்தத் தீவில் 21 வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் 1931-லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. பிரான்சில் பெண்கள் அதற்கு 1944 வரை காத்திருந்தார்கள். சுவிற்சர்லாந்தில் 1971 வரை. என் மகன் இருக்கிற ஊர் சுவிஸ், அங்கே போயிருந்தபோது பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் தன் நாற்பதாவது வயதில்தான் முதல் வாக்குப் போட்டதாகச் சொன்னார். எங்கள் பாட்டி அவரை முந்திவிட்டார்.

இன்னொரு சகோதரர் மாணிக்கசோதி, மலாயாவில் பினாங்குப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். 1941 டிசம்பரில் பிரித்தானியர் யாருக்கும் சொல்லாமல் பினாங்குத் தீவை விட்டு ஓடிய பிறகு, அங்குள்ள கோட்டையில் பறந்துகொண்டிருந்த அவர்களுடைய கொடியை இறக்கியவர் இவர். கொடி பறக்கும் வரை ஜப்பானியர் குண்டு போடுவார்கள், ஊரில் இருந்ததோ சனம் மட்டும்தான். ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர் கயிற்றைப் பிடித்துக் கொடியை இறக்குகிற அந்தக் காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தெகிவளைத்தம்பி
வரலாறு நிறைய வந்துவிட்டது, நான் கொஞ்சம் உயிரினம் பேசுகிறேன். இப்போது சித்திரைக்கு முன்னால் விடியற்காலையில் குயில் கத்துகிறதே, அது ஆண். பாட்டிலெல்லாம் குயிலைப் பெண்ணாக்கி வைத்திருக்கிறோம், உண்மையில் கூவுவது கறுப்பு உடம்பும் சிவப்புக் கண்ணும் உள்ள ஆண்குயில்தான். பெண் மண்ணிறத்தில் புள்ளி போட்டிருக்கும், கூவாது, "கிக் கிக்" என்று கத்தும். கொழும்பில் குயில் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் நாம் கல்லெறிகிற காகம். முட்டை அதன் கூட்டில்தான். போன வருடம் எங்கள் மதிலோர மாமரத்தில் ஒரு காகம் தன்னைவிட வேறு குரலில் கத்துகிற குஞ்சுக்கு இரை ஊட்டியதை மூன்று வாரம் பார்த்தேன். ஒருநாள்கூட அலுக்காமல் ஊட்டியது.

மீன்பிடிப் பூனையும் கொழும்பில் உண்டு. சிறுத்தைக்குட்டி போலப் புள்ளி போட்டது, தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். தியவன்னா வாவிப் பக்கத்துச் சதுப்பில் இருந்துகொண்டு இரவில் வீட்டுக் கூரைகளிலும் நடக்கும். இந்தச் சதுப்பு நிலங்களுக்காகத்தான் 2018-ல் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பைச் சேர்த்தார்கள். மண் போட்டு நிரப்புகிற ஒவ்வொரு தடவையும் அதை நினைக்க வேண்டும்.

இன்னொன்று, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890 நவம்பரில் சைபீரியாவுக்கும் அப்பால் சகலின் தீவிலிருந்து திரும்புகிற வழியில் கொழும்பில் இறங்கினார். போகும்போது கீரி வாங்கிக்கொண்டு மொஸ்கோவுக்குப் போனார். சோடியாக இருக்கட்டும் என்று பெண்கீரி என்று சொல்லி விற்றதையும் வாங்கினார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அது கீரியே இல்லை, மரநாய். நம் வீட்டுக் கூரைக்குள் இரவில் ஓடித் தூக்கத்தைக் கெடுக்குமே, அதேதான். ஆண்கீரி மட்டும் அந்த வீட்டில் எல்லோருக்கும் செல்லம் ஆனது, பிறகு மிருகக்காட்சிச்சாலைக்குக் கொடுத்தார்.

சொல்வேட்டை
தம்பி, கொழும்பில் கீரி வளர்த்த இன்னொரு எழுத்தாளரும் உண்டு. பாப்லோ நெருடா. 1929-ல் சிலி நாட்டுக் கொன்சலாக (துணைத்தூதராக) வந்து, இந்த இழையை ஆரம்பித்த அக்காவின் ஊரில், வெள்ளவத்தைக் கடலோரத்தில் குடியிருந்தார். கீரிக்குப் பெயர் "கீரியா". அந்தப் பெயரைக் கேட்டதும் நம்முடைய "கீரி" காதில் விழவில்லையா? பாம்போடு சண்டை போடும் என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போக, பாம்பைக் கண்டதும் கீரியா திரும்பி வீட்டுக்கு ஓடிவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

மருதானைமலர்
கீரியோடு நிறுத்த வேண்டாம். அவர் இறந்த பிறகு 1974-ல் வெளியான அதே நினைவுக் குறிப்பில்தான் மற்றதும் இருக்கிறது. அந்த வெள்ளவத்தை வீட்டில் வாளிக் கக்கூஸ். காலையில் யார் வந்து வாளியை வெறுமையாக்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது. ஒருநாள் விடியவே எழும்பிப் பார்த்தார். ஒரு தமிழ்ப் பெண். ஒடுக்கப்பட்ட சாதி. அழகாக இருந்தாள் என்று எழுதுகிறார். பழம் வைத்துப் பார்த்தார், பட்டு வைத்துப் பார்த்தார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காலையில் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். அவள் கண்ணை மூடவில்லை, அசையவில்லை, சிலை மாதிரி இருந்தாள் என்று எழுதிவிட்டு, அவள் என்னை வெறுத்தது சரிதான் என்று முடிக்கிறார். அது வன்புணர்வு. அவர் கையாலேயே எழுதிய ஒப்புதல்.

அதில் கீரிக்குப் பெயர் இருக்கிறது. அவளுக்கு இல்லை.

ஓவல்பக்கம்
அக்கா, இதை வாசித்துக் கை நடுங்குகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், இது பிள்ளைக்குச் சொல்ல ஆரம்பித்த இழை. இங்கே தேவையா? அவருடைய கவிதைகளில் பெரிய ஈடுபாடு உள்ளவன் நான்.

மருதானைமலர்
தம்பி, கவிதையை வாசியுங்கள், நானும் வாசித்தவள்தான். சிலியிலேயே 2018-ல் சன்டியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அங்குள்ள பெண்கள் இந்தப் பக்கத்தை எடுத்துக்காட்டித்தான் எதிர்த்தார்கள். உலகத்தின் மறுகோடியில் இருக்கிறவர்கள் நம்முடைய பெண்ணுக்காகப் பேசினார்கள். வெள்ளவத்தையில் அவர் வீடு எங்கே என்று தேடி எழுதுகிறோம், அவள் எங்கே போய் வாழ்ந்தாள் என்று கேட்டோமா? பிள்ளைக்குப் பதினொரு வயதில் சொல்லத் தேவையில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரியவர்களான நமக்குள் கீரியை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சொல்வேட்டை
மலர் அக்கா சொல்வது சரி. நான்தான் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன், மன்னியுங்கள். மேலே "கக்கூசு ஒல்லாந்தச் சொல்" என்று ஒரு வரியில் தாண்டிப் போனதும் நான்தான். சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன், வாளியைத் தூக்கியது யார் என்று பார்க்கவில்லை. அந்த வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை13
நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் வந்தவரை நினைவிருக்கிறது. விடிய முன்னரே வந்துவிடுவார், வண்டிச் சத்தம் கேட்கும். தேத்தண்ணி கொடுத்தால் அதற்கென்று மதில் மேல் ஒரு தகரக் கோப்பை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பெயர் கேட்டதில்லை.

வெள்ளவத்தைவாசி
இரண்டு நாள் வர முடியவில்லை, எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனோம். சதாம் வீதிச் சந்தியில் நின்று கண்ணாடிக்கூண்டை அவளே கண்டுபிடித்தாள். வரும் வழியில் காலிமுகத்திடலில் கல்லையும் தேடி வாசித்தோம். வீட்டுக்கு வந்து போர்த்துக்கேயச் சொற்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கதிரையிலும் மேசையிலும் யன்னலிலும் ஒட்டிவிட்டாள். அப்பம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து லாச்சியில் மட்டும் "ஒல்லாந்து" என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

மலர் அக்கா எழுதியதை அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவள் படுத்த பிறகு அப்பம்மாவிடம் கேட்டேன். எங்கள் வீடு அவருடைய மாமனார் 1930-களில் வாங்கியது. "பின்மதிலில் சின்னக் கதவு இருந்தது பிள்ளை, முழங்கால் உயரம்தான், வாளி எடுக்க" என்றார். "வந்த பெண்ணை அன்னம் என்று கூப்பிடுவோம். அது அவளுடைய சொந்தப் பெயரா என்று தெரியாது" என்றார்.

காலையில் எழும்பிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் மதிலின் அடியில் ஒரு சதுரம். மற்ற இடமெல்லாம் பழைய சுண்ணாம்புச் சாந்து, அந்தச் சதுரம் மட்டும் சீமெந்து. இருபது வருடமாக அந்த மதிலுக்கு முன்னால்தான் துணி காயப்போடுகிறேன்.